மணிக்கயிற்றின் கீழே நின்றவர்

டெல்லிங்கர் கணவாய்,
வட கரோலினா.
9 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய திருமதி லொரீன் அவர்களுக்கு,

ஆம்ப்ரோஸ் லாத்ரப் பணிவுடன் எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நான் சுகமே. முழங்கால்தான் படி ஏற மறுக்கிறது.

உங்கள் கடிதம் வந்து இருபது நாட்கள் ஆகின்றன. எங்கள் புனித பர்னபா ஆலயத்தின் நிலப்பத்திர நகல் ஒன்றும், அதோடு இரண்டே வரிகளும் அனுப்பியிருந்தீர்கள். எந்தக் கோடையிலாவது இங்கே ஆராதனை நடக்காமல் போனதுண்டா, உண்டு அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் லத்தீன் கற்பித்தவன் நான். வரிசைப்படுத்தாமல் எதையும் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது இவை:

1. ஆலயம் இந்த மலைக்கு வந்த விதம்.
2. வந்தவர்களை நாங்கள் எண்ணிய முறை.
3. 1948ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த ஒரே ஆராதனையில் நான் தனியாக இருந்தேன் என்பது.
4. ஆகவே நிலம் உங்களுடையது என்பது.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. சார்ல்ஸ்டன் நகரின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஒன்பது குடும்பங்கள் ஆண்டுதோறும் ஜூனில் இந்த மலைக்கு ஏறி வரும். என் தாத்தாவின் குடும்பம் அவற்றில் ஒன்று. எல்லோரும் எபிஸ்கோப்பல் சபையினர். மலைவாசிகளோ பாப்டிஸ்டுகள், வேறு சபை. எங்களவர்களுக்குக் கோயில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலின் சாப்பாட்டு அறையில் கூடிப் பாடினார்கள். 1891இல் உங்கள் அம்மாவின் தாத்தா ஹோசியா பர்ல்சன் அரை ஏக்கர் நிலத்தை இனாமாக எழுதிக் கொடுத்தார். பக்தியினால் கொடுத்தார் என்று எங்கள் ஐம்பதாம் ஆண்டு மலரில் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் அம்மா ஜெட்டி அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னது வேறு.

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஒங்க ஆளுங்க பாடுற பாட்டுல தாத்தாவோட பசு மெரண்டு பால் வத்திப்போச்சு. தள்ளிப் போய்ப் பாடுங்கன்னு எடத்தக் குடுத்தாரு. அதுவும் உருளக்கெழங்கு வெளையாத எடம்."

எது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஹோசியா எங்களை நன்றாகவே எடை போட்டிருந்தார். கோடைக்கு வருகிறவர்கள் ஒருநாள் சலித்துப்போய்க் கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்து, பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார். ஒவ்வொரு கோடையிலும் ஒரு முறையாவது, குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து இங்கே தொழ வேண்டும். ஒரு கோடை தவறினாலும் நிலம் தன் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அன்றைய பேராயர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார் என்று தாத்தா சொல்வார்.

கட்டடம் முழுவதும் கஷ்கொட்டை மரம். அந்த மரங்களையும் ஹோசியாவும் அவர் மகன்களும்தான் வெட்டித் தந்தார்கள். பிறகு வந்த நோயில் இந்தப் பள்ளத்தாக்கின் கஷ்கொட்டை மரங்கள் ஒன்று விடாமல் செத்துப்போயின. ஆலயச் சுவரில் இருப்பதுதான் இப்போது மிச்சம். உள்ளே அறுபத்து நான்கு பேர் உட்காரலாம். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் ஒரு குடும்பத்தின் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. பர்ல்சன் என்ற பெயரில் தகடு இல்லை. வடகிழக்கு மூலையில் கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது, ஹோசியாவினுடையது. எழுத்து பாதி அழிந்துவிட்டது.

இரண்டாவது. ஜூன் மூன்றாம் ஞாயிறு திறப்போம். செப்டம்பர் முதல் ஞாயிறு ஜன்னல் பலகைகளை அடைத்துப் பூட்டுவோம். எந்த ஆராதனை, யார் நடத்தியது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் எழுத வேண்டும். அது எங்கள் சபையில் எங்கும் உள்ள வழக்கம். எண்ணும் முறையும், வந்த குடும்பங்களின் பெயரை ஓரத்தில் குறிப்பதும் மட்டும் எங்கள் சொந்த வழக்கம். வேதாகமத்தின் இரண்டாம் பாடம் வாசிக்கும்போது ஒருவர் முன்னால் நின்று, பெஞ்சுகளுக்கு மேலே தெரியும் தலைகளை எண்ணுவார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணு, நிற்பவர்கள் வருகிறவர்களாகவோ போகிறவர்களாகவோ இருப்பார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. இன்று வரை அப்படியேதான் எண்ணி வருகிறேன்.

மணி அடிப்பவருக்கு உட்கார இடமில்லை. கயிறு முன்கூடத்தில் தொங்குகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அடிக்க வேண்டியிருப்பதால் ஆராதனை முழுவதும் அங்கேயே நிற்பது வழக்கம். உங்கள் அம்மா 1931 முதல் 1957 வரை இங்கே கோயில்பிள்ளையாக இருந்தார். கூட்டுவது, பெருக்குவது, அடுப்பு மூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். கணக்கிட்டுப் பார்த்தேன், முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் குறையாது. பதிவேட்டில் ஒரு நாள்கூட அவர் எண்ணப்படவில்லை.

மே மாதம் எங்களிடமிருந்து உங்களுக்கு வந்த கடிதத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் அம்மா டேட்டன் நகரில் இறந்த பிறகு, தாத்தாவின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்ய இடம் கேட்டிருந்தீர்கள். மலைக்குக் கொண்டுவர எளிதாக இருக்கட்டும் என்று அவரே எரியூட்டச் சொன்னதையும், சாம்பல் பெட்டி உங்கள் தையல் மெஷின் மேல் இருப்பதையும் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆலயக் குழுவின் ஏழாவது விதி, இந்த ஆலயத்தில் தொழுதவராகப் பதிவேட்டினால் தெரிய வருபவர்களுக்கு மட்டுமே கல்லறை நிலம் என்று சொல்கிறது. நான் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டினேன், அவர் பெயர் இல்லை என்று குழுவுக்குச் சொன்னேன். அவரது வருகைக்கு ஆதாரம் காணப்படவில்லை என்ற அந்த வாசகம் குழுவினுடையது. செயலாளர் என்ற முறையில் தட்டச்சு என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. அடித்து முடித்ததும் மடித்து உறையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

உங்கள் கேள்வி வந்ததும் குழுத் தலைவி திருமதி கானிங்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். நிலத்தைப் பிடுங்கத்தான் கேட்கிறீர்கள் என்று உடனே புரிந்துகொண்டார்.

"இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க ஆம்ப்ரோஸ். அதையும் மூணு பக்கத்துக்கு இழுக்காதீங்க" என்றார்.

இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது. மூன்றாவதற்கு வருகிறேன்.

1948 போலியோவின் கோடை. உங்களுக்கு அப்போது ஐந்து வயது. குழந்தைகளை ரயிலில் ஏற்றத் தாய்மார்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது வீடுகளிலும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. மாறி மாறி வரும் குருவானவர்களும் வரவில்லை. ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அப்பாவுக்குத் திடீரென்று பத்திரத்தின் நினைவு வந்தது. அப்போது அவர்தான் செயலாளர், இதய நோயாளி. குருப்பட்டம் இல்லாமல் காலை ஜெபம் நடத்தும் அனுமதி எனக்கு இருந்ததால் என்னை அனுப்பினார். இரண்டு பேர் வேண்டுமே என்று பெரியப்பா மகன் தியடோரையும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு. வழியில் ரயில் நிலையத்தில் எனக்குத் தந்தி கிடைத்தது. தியடோரின் குழந்தைக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. எனக்கு இருபத்து நான்கு வயது. திரும்பிப் போகவும் பயம், அப்பாவின் முகத்தை நினைத்து. தனியாக ஏறி வந்தேன்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு. நான் போகும்போது உங்கள் அம்மா முன்கூடத்தில் அணில் போட்ட கொட்டை ஓடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் பொதுக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்று அந்த ஆண்டு உத்தரவு. உங்களை வெளியே ஆப்பிள் மரத்தடியில் உட்கார வைத்திருந்தார். நீங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வாசல் கதவையும், மணியடிக்க நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காக உள்கதவையும் திறந்தே வைத்திருந்தார். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் அதிகமாக மணி அடித்தார். நான் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

"மணி அதோட வேலையப் பாத்துருச்சு தம்பி. இனி ஒங்க வேலை" என்றார்.

உள்ளே போய் அறுபத்து நான்கு காலி இடங்களுக்கு முன்னால் நின்று வாசித்தேன். பாவ அறிக்கையில், எங்களில் சுகம் என்பதே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வரி வரும். அந்தக் கோடையில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். முன்கூடத்திலிருந்து உங்கள் அம்மா அந்த வரியைச் சொன்னார். வயலின் மறுகோடியில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் சொன்னார். நான் நிறுத்தி, அவரைத் தொடர்ந்து அதைச் சொன்னேன். பிறகு புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது கேட்டார்:

"அந்த வரிய முழுங்கிட்டீங்களே, பயமா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கும் பயந்தான். அதுக்காக விட்டுற முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

பதிவேட்டைத் திறந்தேன். பெஞ்சுகளில் யாரும் இல்லை. என்னைச் சேர்த்தால் ஒன்று. பத்திரத்துக்கு வேண்டியது இரண்டு. வர வேண்டியிருந்த தியடோரை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு என்று எழுதினேன். அந்தப் பொய்யைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. அப்பா தோளில் தட்டிக் கொடுத்தார். அவர் போய்விட்டார், தியடோரும் போய்விட்டான். நான் மட்டும் அந்த எண்ணோடு நாற்பத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒழுங்கானவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் களைப்பாக இருக்கும்.

நான்காவது. அந்தக் கோடை தவறிவிட்டது. ஹோசியாவின் நிபந்தனைப்படி நிலம் அன்றே உங்கள் அம்மாவுடையது, இப்போது உங்களுடையது. அம்மாவை எங்கே வைக்க நினைக்கிறீர்களோ அங்கே வைக்கலாம். எங்களைக் கேட்க வேண்டியதில்லை. இம்மாதம் 21ஆம் தேதி குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். இப்போது மிஞ்சியிருப்பது ஆறு குடும்பங்கள். இந்தக் கோடையில் சராசரி வருகை பதினொன்று. கூரை ஒழுகுகிறது, ஆர்கனுக்குள் எலி குடியிருக்கிறது. சென்ற வாரம் ஜன்னல் பலகைகளை அடைக்கும்போது, அடுத்த ஆண்டு இதை வேறு யாராவது செய்யட்டும் என்று தோன்றியது. உங்களுக்கு நான் ஒன்றும் தியாகம் செய்யவில்லை என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

ஐந்தாவது. என் மனைவி ஹாரியட் அங்கே ஹோசியாவுக்கு இரண்டு வரிசை முன்னால் படுத்திருக்கிறாள். பக்கத்து இடம் எனக்கென்று விட்டிருக்கிறார்கள். கட்டடத்தை நீங்கள் என்ன செய்தாலும் அவளை அசைக்க வேண்டாம். பக்கத்து இடத்தைக் கேட்க எனக்கு வாயில்லை. மே மாதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் அதைக் கேட்கக் கூடாது.

12 செப்டம்பர்

மேலே உள்ளதை எழுதி மூன்று நாட்கள் ஆகின்றன. எந்தக் கடிதத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் அனுப்புவேன். இன்று காலை நகல் எடுக்க உட்கார்ந்தேன். முதல் இரண்டும் சரியாகப் போயின. மூன்றாவதில், உங்கள் அம்மா அந்த வரியைச் சொன்னார் என்ற இடத்தை எழுதியதும் கை நின்றுவிட்டது. நான் எழுதியதை, யாரோ வேறொருவர் எழுதியது போலப் படித்துப் பார்த்தேன்.

பிறகு எழுந்துபோய் ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். காலை ஜெபத்தில் நடத்துபவர் ஒரு வரி சொன்னால் சபை மறுவரி சொல்ல வேண்டும். தனியாக வாசிப்பவன் இரண்டையும் தானே சொல்லியாக வேண்டும். அன்று நான் இரண்டையும் சொன்னேனா? மனத்துக்குள் அந்த நாற்பது நிமிடத்தையும் முதலிலிருந்து நடத்திப் பார்த்தேன். சொல்லவில்லை. என் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன், மறுவரி வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது. சங்கீதத்தை வசனம் மாற்றி வசனம் வாசித்தோம். விசுவாசப் பிரமாணத்தில் என் குரல் தாழ்ந்தபோது அந்தக் குரல் தாழவில்லை. கையில் புத்தகம் இல்லாமல், ஒரு கண்ணை உங்கள் மேல் வைத்துக்கொண்டு, உங்கள் அம்மா முழு ஆராதனையையும் சொல்லி முடித்தார். அதைக் காதால் கேட்டு, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் முடித்தேன். முடித்துவிட்டு வந்து, யாரும் இல்லை என்று எண்ணினேன். ஏனென்றால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

உங்களுக்கு ஐந்து வயது; நினைவிருக்க வாய்ப்பில்லை. ஆப்பிள் மரத்தடிக்கு இரண்டு குரல் கேட்டது நினைவிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இதனால் வரும் விளைவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று இரண்டு பேர் தொழுதார்கள் என்றால் அந்தக் கோடை தவறவில்லை. நிலம் உங்களுக்குத் திரும்பவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில், திருமதி கானிங் கேட்ட அதே ஒரு வார்த்தைதான்: இல்லை. உங்கள் கையிலிருந்து நிலத்தை எடுத்தவர் உங்கள் அம்மாவே என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடை முழுவதற்கும் இந்த ஆலயத்தின் சபை என்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

குழுவிடம் சொல்லப்போவதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 1948இல் ஜெட்டி பர்ல்சன் இங்கே தொழுதார், அல்லது தொழவில்லை. தொழுதார் என்றால் ஏழாவது விதிப்படி அவருக்குக் கல்லறை நிலம் உண்டு. தொழவில்லை என்றால் நிலமே அவர் மகளுடையது. நாம்தான் மகளிடம் அனுமதி கேட்க வேண்டும். இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் குழு தேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது வழி இருக்கிறதா என்று நாள் முழுவதும் தேடினேன். எனக்குத் தெரிந்து இல்லை. அவர் பாப்டிஸ்ட் என்று யாராவது சொல்வார்கள். விதியை மூன்று முறை படித்தேன். தொழுதவர் என்றுதான் இருக்கிறது, எந்தச் சபையில் பிறந்தவர் என்று கேட்கவில்லை. திருமதி கானிங் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் அடங்கிவிடும். அதனால் தாளைப் பார்த்தே வாசிக்கப்போகிறேன். வாசித்து முடிக்கும் வரை உட்காருவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

1948 பதிவேட்டில் நான் எழுதிய இரண்டு என்ற எண்ணைத் திருத்த வேண்டியதில்லை. பக்கத்தில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதி, இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் வாழ்நாளில் கேட்காமல் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் கடைசியில் தரை உறைந்துவிடும். அதற்கு முன்னால் வாருங்கள். ஞாயிறாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கிழமையானாலும் சரி. ஆலயம் பூட்டியிருக்கும் காலம் என்று தயங்காதீர்கள். சாவி என்னிடம் இருக்கிறது. ஒரு முழம் ஆழம் போதும், அதை நானே தோண்டிவிடுவேன், மெதுவாக. குருவானவர் கிடைக்காவிட்டால் ஜெபத்தை நான் வாசிக்கிறேன், நீங்கள் மறுவரி சொல்லுங்கள். எந்த வரியையும் விடாமல் வாசிக்க முயல்கிறேன். நீங்கள் முன் பெஞ்சில், எந்தத் தகடு இருந்தாலும், உட்காருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மணியை நான் அடிக்கிறேன்.

முதல் பக்கத்தில் உள்ள வரிசையை நான் மாற்றி எழுதவில்லை. இத்தனை ஆண்டுகள் எப்படி எண்ணினேன் என்பதை நீங்கள் என் கையெழுத்திலேயே பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதில் மூன்றாவது குறிப்பைத் தயவுசெய்து உங்கள் பேனாவால் அடித்துவிடுங்கள். அது தவறு. அன்று நான் தனியாக இல்லை.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ஆம்ப்ரோஸ் லாத்ரப்